போலீசாரின் பென்ஷன் பணத்தில் 42 மாடி கட்டிடம்! டாலஸ் நகரில் கஜானா கரைந்தது எப்படி?

ஊரைக் காப்பாற்றுவது போலீஸ்காரர். அந்த போலீஸ்காரரின் பென்ஷன் பணத்தை காப்பாற்றுவது யார்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டாலஸ் நகரில் 2016-ம் ஆண்டு இந்தக் கேள்வி பெரும் பரபரப்பை கிளப்பியது. போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் பல ஆண்டு காலம் கட்டிய பணம் பெருமளவு கரைந்து போயிருந்தது. இன்னும் 10 ஆண்டில் கஜானா சுத்தமாக காலியாகிவிடும் என்று கணக்கு போட்டு சொன்னார்கள்.

யாரும் பீரோவை உடைத்து பணத்தை தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நிதிக்கு போர்டு இருந்தது. டிரஸ்டிகள் இருந்தார்கள். மாதாமாதம் கூட்டமும் நடந்தது. அப்படி இருந்தும் பணம் போனது. எப்படி?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நகருக்கு ஒரு போலீஸ்

நம்ம ஊரில் போலீஸ் என்றால் மாநில அரசின் ஆள். சம்பளமும் பென்ஷனும் மாநில கஜானாவில் இருந்து வருகிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பல நகராட்சிகளுக்கு தனியாக போலீஸ் உண்டு. சம்பளம் கொடுப்பது நகராட்சி. பல ஊர்களில் பென்ஷனுக்கும் தனி நிதி வைத்திருக்கிறார்கள்.

டாலஸ் போலீஸ், தீயணைப்பு பென்ஷன் நிதி 1916-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்களின் குடும்பத்தினர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் இதை நம்பி இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் தொழிலாளிகளுக்கு மத்திய அரசின் 'சோஷியல் செக்யூரிட்டி' என்ற முதியோர் பென்ஷன் கிடைக்கும். ஆனால் டாலஸ் நகர போலீஸ் வேலைக்கு அந்த பென்ஷன் கிடையாது. அதற்கு பதிலாகத்தான் இந்த நகராட்சி பென்ஷன். இது போனால் பலருக்கு வயதான காலத்தில் வேறு வழி இல்லை.

பானையில் போடும் பணம்

பென்ஷன் நிதி என்பது ஒரு பெரிய பானை மாதிரி. அதில் மூன்று வழியாக பணம் வரும்.

1. போலீஸ்காரரின் சம்பளத்தில் பிடிக்கும் தொகை.

2. நகராட்சி கட்டும் பங்கு.

3. பானையில் உள்ள பணத்தை முதலீடு செய்து கிடைக்கும் லாபம்.

வெளியே போவது ஒரே வழிதான். மாதாமாதம் பென்ஷன்.

இதில் மூன்றாவது வழிதான் முக்கியம். நிதி நன்றாக ஓடினால் பென்ஷனில் பெரும்பகுதி முதலீட்டு லாபத்தில் இருந்தே கிடைத்துவிடும். அதனால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் லாபம் வரும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு போடுவார்கள். இந்தக் கணக்கு போடுபவருக்கு 'ஆக்சுவரி' என்று பெயர்.

டாலசில் பல ஆண்டுகளாக 8 சதவீதத்துக்கு மேல் லாபம் வரும் என்று வைத்துத்தான் கணக்கு போட்டார்கள். பெரிய லாபம் வரும் என்று எழுதிவிட்டால் இன்றைக்கு கட்ட வேண்டிய தொகை குறைவாக தெரியும். நகராட்சிக்கும் சந்தோஷம். உறுப்பினருக்கும் சந்தோஷம். பிறகு அந்த லாபம் வராவிட்டால்? துண்டு விழும் தொகை, அடுத்து வருகிறவர்கள் தலையில் விழும்.

'டிராப்' திட்டம்

1993-ம் ஆண்டு டாலசில் 'டிராப்' என்ற திட்டம் வந்தது. அனுபவம் உள்ள போலீசார் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

ஓய்வு பெறும் தகுதி வந்த பிறகும் ஒருவர் வேலை செய்யலாம். சம்பளம் வழக்கம்போல கைக்கு வரும். அவருக்கு சேர வேண்டிய பென்ஷன், நிதியிலேயே அவர் பெயரில் தனிக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்குக்கு குறைந்தது 8 சதவீத வட்டி நிச்சயம் என்றார்கள். ஓய்வுக்கு பிறகும் பணத்தை எடுக்காமல் அங்கேயே வைத்திருக்கலாம். அதற்கும் அதே வட்டி.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு பார்ப்போம்.

ஒருவருக்கு ஆண்டுக்கு 48 ஆயிரம் டாலர் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். அதை 10 ஆண்டுகள் எடுக்காமல் விட்டால் அவர் பங்கு 4 லட்சத்து 80 ஆயிரம் டாலர். 8 சதவீத வட்டியோடு சேர்த்தால் சுமார் 6 லட்சத்து 95 ஆயிரம் டாலர் ஆகிவிடும். ஆனால் நிதிக்கு உண்மையில் கிடைத்த லாபம் 3 சதவீதம்தான் என்றால் அந்தப் பணம் சுமார் 5 லட்சத்து 50 ஆயிரமாகத்தான் வளர்ந்திருக்கும். இடையில் உள்ள 1 லட்சத்து 45 ஆயிரம் டாலரை யார் கொடுப்பது? பானையில் இருந்துதான் எடுக்க வேண்டும். அதாவது, மற்றவர்களின் பென்ஷன் பணத்தில் இருந்து.

இப்படி நூற்றுக்கணக்கானவர்களின் டிராப் கணக்கில் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. 2016-ல் நிதியின் மொத்த சொத்தில் பாதிக்கும் மேல் டிராப் கணக்குக்காரர்களுக்கு சேர வேண்டியதாக இருந்தது. இதில் அவர்களை குற்றம் சொல்ல முடியாது. சட்டப்படி கொடுத்த வாக்குறுதியைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

ஹவாய் முதல் அரிசோனா வரை

8 சதவீத வட்டி கொடுக்க வேண்டுமானால் அதைவிட அதிகமாக சம்பாதிக்க வேண்டும். வங்கி டெபாசிட்டிலும் கடன் பத்திரத்திலும் அது கிடைக்காது. எனவே நிர்வாகிகளின் பார்வை ரியல் எஸ்டேட் பக்கம் திரும்பியது.

ஹவாய் தீவில் சொகுசு வீடுகள். கலிபோர்னியாவில் திராட்சை தோட்டங்களுக்கு பெயர் போன நாபா பள்ளத்தாக்கில் நிலம். அரிசோனா பாலைவனத்தில் மனை போட பொட்டல் காடு. ஐடஹோ மாநிலத்தில் பெரிய நிலப்பரப்பு. டாலசில் ரோந்து போகும் போலீஸ்காரரின் பணம் இப்படி ஊர் ஊராக சென்று நிலத்தில் புதைந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக டாலஸ் நகரின் நடுவிலேயே 'மியூசியம் டவர்' என்ற 42 மாடி சொகுசு குடியிருப்பு எழும்பியது. இதில் போட்ட பணம் சுமார் 20 கோடி டாலர்.

அந்தக் கட்டிடம் முழுக்க கண்ணாடி. பக்கத்தில் 'நாஷர்' சிற்ப மியூசியம் இருக்கிறது. 2003-ல் திறக்கப்பட்ட உலகப் புகழ் பெற்ற இடம். டவரின் கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி மியூசியம் மீது அடித்தது. தோட்டத்தில் செடிகள் கருகின. உள்ளே இருக்கும் கலைப் பொருட்களுக்கும் ஆபத்து என்று மியூசியத்தார் கொதித்தார்கள். இந்த விவகாரம் நாடு முழுக்க பேசப்பட்டது.

அப்போதுதான் பலரும் விசாரிக்க தொடங்கினார்கள். இவ்வளவு பெரிய கட்டிடம் யாருடையது? போலீஸ் பென்ஷன் நிதியுடையது என்று தெரிந்ததும் பொதுமக்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

காகிதத்தில் கோடி

ஷேர் வாங்கினால் அதன் விலை தினமும் பேப்பரில் வரும். நேற்று 100, இன்று 90 என்றால் நஷ்டம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொட்டல் நிலத்துக்கு அப்படி தினசரி விலை கிடையாது. விற்கும் வரை அதன் மதிப்பு என்பது யாரோ ஒருவர் எழுதி வைப்பதுதான்.

டாலசில் நடந்ததும் இதுதான். பல சொத்துகள் சந்தை விலையைவிட கூடுதல் மதிப்பில் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தன. புத்தகத்தை பார்த்தால் நிதி நன்றாக இருப்பதாக தெரியும். உண்மையில் அவ்வளவு பணம் இல்லை.

இரண்டாவது சிக்கல், நிலத்தை நினைத்த நேரத்தில் காசாக்க முடியாது. வீட்டு பத்திரத்தை காட்டி மளிகை கடையில் அரிசி வாங்க முடியுமா? பென்ஷன் நிதியும் அப்படித்தான். மாதம் பிறந்தால் ரொக்கம் வேண்டும். பாலைவன மனை மாதாமாதம் வாடகை தராது.

நிதிப் பணம் முழுவதையும் நிலத்தில் போட்டுவிடவில்லை. ஆனால் சீக்கிரம் விற்க முடியாத நிலம், கட்டிடம், தனியார் முதலீடு ஆகியவற்றின் பங்கு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. அதுதான் கழுத்தை நெரித்தது.

நிர்வாகி நீக்கம்

சுமார் 30 ஆண்டுகளாக நிதியின் நிர்வாகியாக இருந்தவர் ரிச்சர்டு டெட்டமன்ட். 2014-ம் ஆண்டு போர்டு அவரை பதவியில் இருந்து நீக்கியது. 2015-ல் கெல்லி காட்ஷாக் என்ற பெண் அதிகாரி பொறுப்பு ஏற்றார்.

சொத்துகளின் உண்மையான மதிப்பு மீண்டும் கணக்கிடப்பட்டது. வந்த விடை அதிர்ச்சி. நிலங்களின் மதிப்பை பல கோடி டாலர் குறைத்து எழுத வேண்டி வந்தது. லாபம் 8 சதவீதத்துக்கு மேல் வரும் என்ற பழைய கணக்கையும் குறைத்தார்கள். இரண்டும் சேர்ந்ததும், மூடி வைத்திருந்த ஓட்டை ஒரேயடியாக வெளியே தெரிந்தது.

2016 ஏப்ரலில், நிதியின் நிலங்களை கவனித்து வந்த ஒரு தனியார் கம்பெனியில் எப்.பி.ஐ. அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். சோதனை நடந்தாலே குற்றம் உறுதி என்று அர்த்தம் இல்லை. ஆனால் உறுப்பினர்களிடம் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் ஆடிப்போனது.

50 கோடி டாலர் பறந்தது

2016 ஜூலை மாதம் டாலஸ் போலீசாருக்கு மறக்க முடியாத மாதம். ஊர்வலம் ஒன்றின் பாதுகாப்புக்கு நின்ற போலீசார் மீது ஒருவன் மறைந்திருந்து சுட்டான். 5 போலீஸ்காரர்கள் பலியானார்கள். நாடே அஞ்சலி செலுத்தியது.

அந்தத் துக்கம் ஆறும் முன்பே அடுத்த அடி. பென்ஷன் சலுகைகளை வெட்டப் போகிறார்கள், டிராப் பணத்தை முடக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சீட்டு கம்பெனி திவாலாகப் போகிறது என்று தெரிந்தால் என்ன நடக்கும்? அதேதான் நடந்தது. டிராப் கணக்கு வைத்திருந்தவர்கள் முண்டியடித்து பணத்தை எடுத்தார்கள். ஆகஸ்டு முதல் சில மாதங்களில் 50 கோடி டாலருக்கு மேல் வெளியேறியது.

2016 தொடக்கத்தில் சுமார் 270 கோடி டாலராக இருந்த நிதி, ஆண்டு முடிவில் சுமார் 210 கோடி டாலராக இளைத்தது.

முந்தியவர்களுக்கு முழுப் பணம். பிந்தியவர்களுக்கு? இங்கேதான் அநியாயம். இன்று ரோந்து போகும் 25 வயது போலீஸ்காரரின் பணமும் அதே பானையில்தான் இருக்கிறது. அவரால் அதை எடுக்க முடியாது.

டாலஸ் மேயர் மைக் ராலிங்ஸ், பணம் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று கோர்ட்டுக்கு போனார். 2016 டிசம்பர் 8-ந்தேதி போர்டே பணம் எடுக்க தடை போட்டது. நிதியை காப்பாற்ற நகராட்சி 110 கோடி டாலர் தர வேண்டும் என்று நிதி தரப்பு கேட்டது. அவ்வளவு பணத்தை கொடுத்தால் நகரமே திவால் ஆகும் நிலை வரும் என்று மேயர் எச்சரித்தார்.

கேள்வி கேட்க ஆள் இல்லை

கண்காணிக்க ஒரு போர்டு இருந்ததே, அது என்ன செய்தது?

அப்போது போர்டில் 12 பேர். 3 பேர் போலீசார். 3 பேர் தீயணைப்பு வீரர்கள். 2 பேர் ஓய்வு பெற்றவர்கள். 4 பேர் நகராட்சி கவுன்சிலர்கள். அதாவது 12-ல் 8 பேர், நிதியில் இருந்து பலன் பெறுபவர்கள்.

தங்கள் பணத்தை தாங்களே கவனித்தால் நல்லதுதானே என்று தோன்றும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் திருடனை பிடிப்பது வேறு, பாலைவன மனையின் விலையை கணிப்பது வேறு. தீயில் குதித்து ஆளைக் காப்பாற்றுபவருக்கு கட்டிட முதலீட்டில் உள்ள சூட்சுமம் தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லை. நிர்வாகியும் ஆலோசகரும் சொன்னதை நம்பித்தான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், 8 சதவீத வட்டி அதிகம் என்று யார் வாய் திறப்பது? கூட வேலை பார்ப்பவர்களின் கோபத்துக்கு ஆளாக வேண்டும். அடுத்த தேர்தலில் ஓட்டும் விழாது.

4 கவுன்சிலர்களும் வந்து போனார்கள். நஷ்டம் வந்தால் கடைசியில் வரி கட்டும் மக்கள் தலையில்தான் விழும் என்று தெரிந்தும் நகராட்சி தரப்பு ஆரம்பத்திலேயே அழுத்தமாக கேள்வி கேட்கவில்லை. நிதியின் விதிகள் மாநில சட்டத்தில் இருந்தன. சலுகையை நகராட்சி நினைத்தால் குறைக்க முடியாது. பணம் கட்டுபவர் ஒருவர், சட்டம் போடுபவர் இன்னொருவர், முடிவு எடுப்பவர் மூன்றாமவர். எல்லோரும் இருந்தார்கள். பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை.

2017 புதுச் சட்டம்

கடைசியில் டெக்சாஸ் சட்டசபை தலையிட்டது. எம்.எல்.ஏ. டான் பிளின் கொண்டு வந்த மசோதாவில் கவர்னர் கிரெக் அபாட் 2017 மே 31-ந்தேதி கையெழுத்து போட்டார். செப்டம்பர் 1-ந்தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:-

* போலீசாரின் சம்பளத்தில் பிடித்தம் 13.5 சதவீதமாக உயர்ந்தது. நகராட்சியின் பங்கு 34.5 சதவீதமாக ஏறியது.

* முழு பென்ஷன் வாங்கும் வயது 58 ஆக உயர்த்தப்பட்டது.

* டிராப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது. ஆயுள் கணக்கு போட்டு தவணை தவணையாகத்தான் வரும்.

* விலைவாசிக்கு ஏற்ப பென்ஷன் உயர்வது நிறுத்தப்பட்டது. கொடுக்க வேண்டிய தொகையில் 70 சதவீதம் நிதியில் சேரும் வரை இந்த நிலை.

* புதிய போர்டில் 11 பேர். அதில் 6 பேரை மேயர் நியமிப்பார். முதலீடு தெரிந்த ஆட்கள் வர வழி செய்யப்பட்டது.

* நிலம் போன்ற மாற்று முதலீடுகளில் பணம் போட சாதாரண மெஜாரிட்டி போதாது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

இந்தக் கடைசி அம்சம் 20 ஆண்டுக்கு முன்பே இருந்திருந்தால் பாலைவனத்தில் பணம் போயிருக்குமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

டிராப் வட்டியை குறைத்தது செல்லாது என்று உறுப்பினர்கள் வழக்கு போட்டார்கள். 2019-ல் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. உழைத்து சம்பாதித்த பென்ஷன் வேறு, இனிமேல் தரப்போகும் வட்டி வேறு என்பதுதான் தீர்ப்பின் சாராம்சம்.

தப்பு செய்யாதவருக்கு தண்டனை

இந்தச் சட்டத்தால் நிதி உடனே மூழ்காமல் தப்பியது. ஆனால் விலை கொடுத்தது யார்? ஹவாயில் நிலம் வாங்க முடிவு எடுத்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இன்றைய இளம் போலீஸ்காரர், அதிக பிடித்தம் கட்டி குறைந்த பென்ஷனுக்கு காத்திருக்கிறார். 80 வயதில் தனியாக இருக்கும் போலீஸ்காரரின் மனைவிக்கு விலைவாசி ஏறினாலும் பென்ஷன் ஏறவில்லை. 2016, 2017-ம் ஆண்டுகளில் பல போலீசார் வேலையை விட்டு போனார்கள். ரோந்து போக ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அந்த வகையில் ஊர் மக்களும் பாதிக்கப்பட்டார்கள்.

பிரச்சினை இன்னும் முழுசாக தீரவில்லை. 2023-ல் கணக்கு பார்த்தபோது, கொடுக்க வேண்டிய ஒவ்வொரு 100 டாலருக்கும் சுமார் 40 டாலர்தான் நிதியில் இருந்தது. 30 ஆண்டுக்குள் ஓட்டையை அடைக்கும் திட்டத்தை 2024-ல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டத்தை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு, நகராட்சி எவ்வளவு கட்டுவது என்று நகராட்சிக்கும் நிதிக்கும் இடையே கோர்ட்டு வரை தகராறு போனது.

மற்ற ஊர்களிலும் கண்ணீர்

டாலஸ் மட்டும் அல்ல. அலபாமா மாநிலத்தில் பிரிச்சர்டு என்ற சின்ன நகரம், 2009 செப்டம்பரில் பென்ஷன் செக் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. நிதியில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் சென்ட்ரல் பால்ஸ் நகரம் 2011-ல் திவால் ஆனது. அங்கே ஓய்வு பெற்ற போலீசார், தீயணைப்பு வீரர்களின் பென்ஷன் 55 சதவீதம் வரை வெட்டப்பட்டது. 2013-ல் டெட்ராய்ட் நகரம் திவால் ஆனபோது போலீசாரின் அடிப்படை பென்ஷன் தப்பியது. ஆனால் ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு பாதிக்கும் கீழே போனது.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

போலீஸ் பென்ஷன் ஆகட்டும், தொழிற்சங்க நிதி ஆகட்டும், பலர் பணத்தை சிலர் கவனிக்கும் இடத்தில் எல்லாம் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:-

1. எவ்வளவு லாபம் வரும் என்று கணக்கு போட்டிருக்கிறார்கள்? கடந்த 10 ஆண்டில் உண்மையில் எவ்வளவு வந்தது?

2. நிலம், கட்டிடத்தின் மதிப்பை போடுவது யார்? அதை விற்றுக் கொடுப்பவரோ, நிர்வாகம் செய்து கமிஷன் வாங்குபவரோ போட்டால் அந்த மதிப்பை நம்பலாமா?

3. உடனே காசாக்கக்கூடிய பணம் எவ்வளவு? எத்தனை மாத பென்ஷனுக்கு அது போதும்?

4. கமிட்டியில் முதலீடு தெரிந்த வெளி ஆள் இருக்கிறாரா? வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு உண்டா?

5. நிச்சய வட்டி என்று சொல்கிறார்கள் என்றால், லாபம் வராத ஆண்டில் அந்த வட்டியை யார் பையில் இருந்து எடுக்கிறார்கள்?

டாலசில் இந்த 5 கேள்விகளையும் 2014-க்கு பிறகுதான் உரக்கக் கேட்டார்கள். அதற்குள் பணம் பாலைவனத்துக்கும் ஹவாய்க்கும் 42 மாடிக்கும் போய் சேர்ந்துவிட்டது. 1993-ல் கேட்டிருந்தால் சிலருக்கு மனஸ்தாபம் வந்திருக்கும். கேட்காததால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வயதான காலத்தில் வயிற்றில் அடி விழுந்தது.